தாய் வழியாக வந்தால்

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மெஹ்ரெஸின் மேசைத் தொலைபேசி அடித்தது. மெஹ்ரெஸ் இல்லை. மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டான். அடுத்த மேசை என்னுடையது. எடுத்தேன்.

"மெஹ்ரெஸா?"

"இல்ல, நான் வஜ்தி. அவன் அங்கதான் வந்துட்டிருக்கான்."

"நான் நாஜியா. குறைமாசக் குழந்தைங்க வார்டு. உங்க ஆறாம் நம்பர் பம்ப் தானா ஓடிருச்சு தம்பி."

"தானாவா?"

"புதுத் திரை வச்சீங்கல்ல, அதுல பழகிப் பாத்தேன். 'எல்லாம் தயார்'னு ஒரு பட்டன். அமுக்கினேன். சிரிஞ்ச் முழுசா காலி. ஒரு நிமிஷம்கூட ஆகல."

"குழந்தை?"

"தொட்டில் காலி. மெத்தைதான் நனைஞ்சுது."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா பம்ப்ல பச்சை விளக்கு எரிஞ்சிட்டிருந்துச்சு. குழந்தை இருக்குன்னு. நேத்துல இருந்து அணைக்க மறந்துட்டோம். பச்சை எரிஞ்சா ஓடக் கூடாதுதானே?"

"கூடாது."

"அதத்தான் கேக்குறேன்."

பார்த்துச் சொல்வதாகச் சொன்னேன். நான் சொல்லியிருக்கக் கூடாது. மருத்துவமனையுடன் பேச அனுமதி உள்ளவர்களின் பட்டியலில் என் பெயர் இல்லை. மெஹ்ரெஸ் இருக்கிறான், எங்கள் தலைவர் துஹாமி இருக்கிறார், மரியாதைக்கு ஸீ துஹாமி என்போம். மற்றவர்கள் நிரல் எழுதுபவர்கள். எழுதுபவர்கள் வெளியே பேசக் கூடாது.

எங்கள் நிறுவனம் மருந்து பம்புகளுக்கு நிரல் எழுதுகிறது. சிரிஞ்சைப் பொருத்தினால் பம்ப் அதை மெல்லத் தள்ளும். பெரியவர்களுக்கு ஒரு வேகம். ஒரு கிலோகூட இல்லாத குழந்தைக்கு வேறு வேகம், மணிக்குச் சில துளிகள். இருபது மில்லியை ஒரே நிமிடத்தில் தள்ளினால் என்ன ஆகும் என்று எங்கள் ஆபத்துப் பட்டியலில் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறது. ஒரே சொல்தான்.

குழந்தை பம்பின் நிரலைத் திறந்தேன். எங்கள் பதிவில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதியவர் பெயர் இருக்கும். எல்லா வரியிலும் யுஸ்ர் என்று இருந்தது.

யுஸ்ர் என் மனைவி. அவள் இறந்து ஏழு மாதம். பிஸெர்ட் சாலையில் ஒரு லாரி.

அதன் பிறகு அந்தக் கோப்பை நான் திறக்கவில்லை. யாரும் திறக்கச் சொல்லவும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த ஒன்றை ஏன் திறக்க வேண்டும்.

நாங்கள் பிரெஞ்சில் படித்தவர்கள். அதனால் தாய் வகுப்பு, மகள் வகுப்பு என்றுதான் சொல்வோம். 'பம்ப்' ஒரு தாய். அவளுக்கு மூன்று மகள்கள்: பெரியவர் பம்ப், சிறுவர் பம்ப், குழந்தை பம்ப். தாயிடம் 'நிரப்பு' என்று ஒரு வேலை உண்டு. குழாயில் காற்று போகும்வரை மருந்தை வேகமாகத் தள்ளுவது. தாயிடம் இருப்பதால் மூன்று மகள்களிடமும் இருக்கும். ஆனால் ஒவ்வொருத்தியும் தன் முறையில் செய்வாள். கூப்பிடுகிறவருக்கு எந்த மகள் என்று தெரிய வேண்டியதில்லை. 'பம்பே, நிரப்பு' என்றால் போதும். ஓடும் நேரத்தில் எதிரே எந்த மகள் இருக்கிறாளோ அவளுடைய வேலை ஓடும். இதற்கு விர்ச்சுவல் என்று பெயர்.

பெரியவர் பம்பின் 'நிரப்பு' முதல் வரியிலேயே பச்சை விளக்கைப் பார்க்கும். நோயாளி இணைந்திருந்தால் மறுத்துவிடும். சிறுவர் பம்பும் அப்படித்தான்.

குழந்தை பம்பில் அந்த வரி இல்லை. பட்டறையில் மோட்டாரைச் சோதிக்க, இருப்பதை முழு வேகத்தில் தள்ளும் வேலை மட்டும் இருந்தது. மேலே பிரைவேட் என்று எழுதியிருந்தது. பிரைவேட் என்றால் அந்த வகுப்புக்கு உள்ளே இருப்பவர்கள் மட்டும் கூப்பிடலாம். வெளியிலிருந்து கூப்பிட்டால், நிரலை இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் அனுமதிக்காது.

எல்லாப் பம்பையும் ஒரே இடத்திலிருந்து இயக்கும் மையத் திரையின் நிரலைத் திறந்தேன். அது வேறு குழு எழுதியது. 'எல்லாம் தயார்' பட்டன் ஆறு மாதம் முன்பு வந்தது. மூன்று வரிதான். இணைந்திருக்கும் ஒவ்வொரு பம்பையும் எடு. பம்ப் என்ற பெயரில் பிடி. 'நிரப்பு' என்று சொல்.

கம்பைலர் கையில் இருக்கும் பெயரைத்தான் பார்க்கும். கையில் தாயின் பெயர். தாயில் அது பப்ளிக், யாரும் கூப்பிடலாம். எனவே விட்டுவிட்டது. உள்ளே போனதும் ஓடியது மகளுடையது. மகளின் கதவில் என்ன எழுதியிருக்கிறது என்று அதற்குப் பிறகு யாரும் பார்ப்பதில்லை.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டுத் தேர்வில் இது ஒரு கேள்வி. நான் சரியாகத்தான் எழுதினேன்.

மணி மூன்று. அலுவலகம் காலியாகிக்கொண்டிருந்தது. ரமலானில் நான்கு மணிக்குமேல் யாரும் இருப்பதில்லை. யாரோ இருவர் வாசலில் முதலில் யார் காரை எடுப்பது என்று சண்டை போட்டார்கள். நோன்புக் கடுப்பு. தினமும் நடப்பது.

பழைய பதிப்புகளைப் பார்த்தேன். பதினொரு மாதத்துக்கு முந்தைய பதிப்பில் அந்த வரி இருந்தது. 'பச்சை எரிந்தால் திரும்பிப் போ.' மறுநாள் பதிப்பில் இல்லை. நீக்கியது யுஸ்ர். காரணம் என்ற இடத்தில் 'பரிசீலனையின்படி' என்று எழுதியிருந்தாள்.

எங்கள் விதி: ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அவளுடையதைப் பார்த்தவன் நான். எங்கள் உரையாடலை எழுதியவரும் பார்த்தவரும் மட்டும்தான் திறக்க முடியும். திறந்தேன்.

நான்: இது பிரைவேட். வெளியே யாரும் கூப்பிட முடியாது. சோதனை வீண். நீக்கவும்.

யுஸ்ர்: தாயில் பப்ளிக். தாய் வழியா வந்தா?

நான்: யார் வரப்போகிறார்கள்? மையத்தில் அப்படி ஓர் அழைப்பே இல்லை.

யுஸ்ர்: இன்னைக்கு இல்ல.

நான்: இந்த ஒரு வரிக்குத் தனிச் சோதனை, தனி ஆவணம். மூன்று நாள் போகும். இருந்தால் ஒப்புதல் தர மாட்டேன்.

பதினெட்டு நிமிடம் கழித்து அடுத்தது.

யுஸ்ர்: எடுத்துட்டேன். வரும்போது தபூனா ரொட்டி வாங்கிட்டு வா. ரெண்டு போதும்.

அதற்கு நான் பதில் எழுதவில்லை. ஒப்புதல் என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தேன்.

பக்கத்தின் அடியில் 'நீக்கு' என்று ஒரு பட்டன். அடுத்த பதிப்பு வரும்வரை பார்த்தவர் தன் உரையாடலை நீக்கலாம். எல்லா உரையாடலின் அடியிலும் அது இருக்கும். நான் அதைப் பொருட்படுத்தியதே இல்லை.

அச்சடித்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். பிறகு மெஹ்ரெஸைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. குழந்தை வார்டுக்குள் போகும்போது செல்பேசியை வாசலில் ஒரு பெட்டியில் போட வேண்டும்.

ஸீ துஹாமி தன் அறையில் தனியாக இருந்தார். நோன்பில் அவர் புகைப்பதில்லை. லைட்டரை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருப்பார்.

"நீ இன்னும் போகலையா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"மெத்தை நனைஞ்சதுக்கு இவ்வளவா?"

"இன்னைக்கு மெத்தை."

"திரையோட எத்தனை பம்ப் சேத்திருக்கு?"

"இதுவரைக்கும் ஆறாம் நம்பர் மட்டும். மெஹ்ரெஸ் இப்ப மத்த பதினொண்ணையும் சேத்துட்டிருக்கான். சாயங்காலத்துக்குள்ள பன்னெண்டும் சேந்துடும்."

"சரி. யாரும் அந்தப் பட்டனை அமுக்காம இருந்தா?"

"அமுக்குவாங்க ஸீ துஹாமி. ரமலான். நோன்பு திறக்கும்போது நடுவுல எழுந்திரிக்க முடியாதுன்னு, பாங்குக்கு முன்னாடியே காலியாகப்போற சிரிஞ்செல்லாம் மாத்திடுவாங்க. எல்லா வார்டுலயும் அப்படித்தான். மூணு நாலு குழாயக் கழட்டி, புதுசு போட்டு, அந்தப் பட்டனை ஒரு தடவை அமுக்குவாங்க. கழட்டினது நிரம்பும், மாட்டியிருக்கறது தானா மறுத்துடும்னு நம்ம கையேட்டுலயே போட்டிருக்கு."

"பெரியவங்க வார்டுல ஆறு மாசமா அமுக்குறாங்களே."

"அந்தப் பம்ப் மறுக்கும். இது மறுக்காது. அந்த வரி இல்ல."

"ஏன் இல்ல?"

லைட்டர் இரண்டு முறை திறந்து மூடியது.

"எழுதினது யாரு?"

"யுஸ்ர்."

லைட்டரை மேசையில் வைத்தார்.

"அல்லாஹ் அவ மேல இரக்கம் காட்டட்டும்."

அடக்கத்தன்று அவரும் தோள் கொடுத்தார். ஜெல்லாஸ் மயானத்தில் முன்பக்க வலதுபுறம்.

"கேளு வஜ்தி. அறிக்கைன்னு போனா அமைச்சகம் வரும். யார் எழுதினதுன்னு கேக்கும். அவ பேரு இருக்கு. அவளக் கூப்பிட்டு யாரும் விசாரிக்க முடியாது. லைசென்ஸ் பறிக்க முடியாது. தப்பா நினைக்காத. யாருக்கும் வலிக்காத இடம் அதுதான்."

"அவ எழுதியிருந்தா. எடுக்கச் சொன்னது நான்."

"அது எங்க இருக்கு?"

"பரிசீலனை உரையாடல்ல."

"அது எனக்குத் திறக்காது. எழுதினவளுக்கும் உனக்கும்தான் திறக்கும். அவ கணக்கை நாமளே மூடிட்டோம்." கொஞ்சம் நிறுத்தினார். "அப்ப உனக்கு மட்டும்தான். நான் அதக் கேக்கல. பாக்கவும் மாட்டேன். நீ என்ன பண்ணினாலும் எனக்குத் தெரியாது."

"வார்டுக்கு இப்பவே சொல்லணும்."

"நான் பேசுறேன். நீ பட்டியல்ல இல்ல."

"நிறுத்தச் சொல்லுவீங்களா?"

"பேசுறேன்னு சொன்னேன்ல. திங்கக்கிழமை புதுப் பதிப்பு போயிடும். நீ வீட்டுக்குப் போ. சாப்பாட்டுக்கு என்ன பண்ற, தனியாத்தான் இருக்கியா?"

"ஆமா."

"எங்க வீட்டுக்கு வாயேன். ஷோர்பா இருக்கு, பிரிக் இருக்கு."

வரவில்லை என்றேன். கதவை மூடும்போது அவர் தொலைபேசியை எடுப்பதைப் பார்த்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நாலே முக்காலுக்கு மருத்துவமனையின் பொது எண்ணைக் கூப்பிட்டேன். ஓர் ஆள் எடுத்தார். களைத்த குரல்.

"குறைமாசக் குழந்தைங்க வார்டு. மதாம் நாஜியா வேணும்."

"சொந்தக்காரரா?"

"பம்ப் கம்பெனி."

"பேரு?"

சொன்னேன். காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"துஹாமி இருக்காரு. மெஹ்ரெஸ் இருக்காரு. நீங்க இல்ல."

"அவசரம்ங்க."

"எல்லாருக்கும் அவசரம்தான் தம்பி. இன்னைக்கு மட்டும் நாப்பது பேரு அவசரம்னாங்க. ஒருத்தருக்கு மாமியாரோட பல்செட்டு வார்டுல விட்டுப்போச்சாம். அந்த வார்டுக்குப் பட்டியல்ல உள்ளவங்களுக்குத்தான் இணைப்பு. நான் எழுதின விதியா இது?"

"அப்ப ஒரு சேதி சொல்லிடுங்க. 'எல்லாம் தயார்' பட்டனை அமுக்க வேணாம்னு."

"யார் சொன்னதுன்னு எழுத? பட்டியல்ல இல்லாதவர் சொன்னாருன்னா? போங்க தம்பி, போய் நோன்பு தெறங்க. நானும் தலைவலியில செத்துட்டிருக்கேன். காலைல இருந்து ஒரு காப்பி இல்ல."

வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

காரை எடுத்தேன். நோன்பு திறக்கும் பாங்கு ஆறு இருபத்து மூன்றுக்கு. இருபத்தைந்து நிமிட வழி. ரமலானில் அந்த நேரத்தில் ஒன்றரை மணி. அர்யானாவிலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் போகிறார்கள். சாலை ஓரமெல்லாம் ரொட்டிக்காரர்கள். ரொட்டிக்காகக் கார்கள் நடுவிலேயே நின்றன. ஒருவன் இறங்கிப்போய் இரண்டு தபூனா வாங்கி, மூக்கருகே வைத்து முகர்ந்து, மெதுவாகத் திரும்பி வந்தான். அவன் வரும்வரை பின்னால் நாற்பது கார் ஹாரன் அடித்தது. நான் அடிக்கவில்லை. என் கை ஸ்டியரிங்கில் இருந்தது.

ஆறு மணிக்குப் பிறகு சாலை காலியாகத் தொடங்கியது. ஆறு பத்துக்கு முற்றிலும் காலி. ட்ராம் வண்டி ஒன்று ஆளில்லாமல் போனது. சிக்னல் எரிந்தது, அணைந்தது. ஒரு பூனை சாலை நடுவில் உட்கார்ந்து என் காரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மருத்துவமனை வாசலில் காவலாளி தட்டில் பேரீச்சம்பழத்தை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். என் அட்டையை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். நிறுவனத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அதன் கீழே என் பெயர் சிறிய எழுத்தில்.

"ஓ, அந்தப் பம்ப் கம்பெனியா. உங்க ஆளு மத்தியானமே வந்துட்டாரே. போங்க போங்க. மூணாம் மாடி."

பட்டியலை எடுக்கவில்லை. என் பெயரைப் படிக்கவும் இல்லை.

படியில் ஏறினேன். வார்டு வாசலில் மரப்பெட்டி ஒன்று இருந்தது, உள்ளே ஏழெட்டுச் செல்பேசிகள். என்னுடையதையும் போட்டேன். கை கழுவும் தொட்டியில் முழங்கைவரை கழுவச் சொல்லி எழுதியிருந்தது. கழுவினேன். முப்பது நொடி என்று போட்டிருந்தது. முப்பதையும் எண்ணினேன்.

உள்ளே இரண்டு வரிசையில் கண்ணாடித் தொட்டில்கள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு பம்ப், ஒரு பச்சை விளக்கு. ஆறாம் தொட்டிலின் விளக்கு அணைந்திருந்தது. மெத்தையை எடுத்துவிட்டிருந்தார்கள். ஓர் இளம் நர்ஸ் மூன்றாம் எண் தொட்டிலில் குனிந்து குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே இரண்டைக் கழற்றி, அவற்றின் விளக்கையும் அணைத்திருந்தார்கள். மூலையில் திரை. அதன் முன் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. அவர்தான் நாஜியா. பக்கத்தில் மெஹ்ரெஸ்.

"டேய் வஜ்தி," என்றான் மெஹ்ரெஸ். "நீ எப்படிடா உள்ள வந்த? கையக் கழுவுனியா?"

திரையில் பன்னிரண்டு கட்டங்கள். பன்னிரண்டும் இணைந்திருந்தன.

"அஞ்சு மணிக்கே முடிச்சுட்டேன்," என்றான். "மூணாவதக் கழட்டினதும் மதாம் அமுக்குவாங்க. அப்புறம் அவங்க சாப்பாட்டுல எனக்கும் பங்கு. நீ வேற வந்துட்ட, பங்கு கொறையும்."

நான் மேசைக்குக் கீழே குனிந்தேன். திரையை இயக்கும் மையப் பெட்டியிலிருந்து வார்டுக்குப் போகும் கம்பி ஒன்று. நீல நிறம். இழுத்தேன். திரையில் பன்னிரண்டு கட்டமும் சாம்பல் நிறமானது. பெட்டி கிறீச்சிட ஆரம்பித்தது. பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. மெல்ல, தங்கள் வேகத்தில்.

"பைத்தியமாடா உனக்கு?" என்றான் மெஹ்ரெஸ்.

"இத மறுபடி மாட்டாத. பச்சை எரிஞ்சாலும் ஓடும். எல்லாம் ஓடும்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தொட்டில்களைப் பார்த்தான். அவனும் நிரல் படித்தவன்தான். இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

நாஜியா கிறீச்சிட்ட பெட்டியை அணைத்தார்.

"மத்தியானம் எங்கிட்ட பேசினது நீங்கதானா?"

"ஆமா மதாம்."

"நாலரைக்கு உங்க துஹாமி கூப்பிட்டாரு. சோதனை முறையில இருந்ததால ஓடிருச்சு, எல்லாம் சேத்தப்புறம் அப்படி ஆகாதுன்னாரு. அத எழுதின பொண்ணு இப்ப உயிரோட இல்லையாம். அதனால கொஞ்சம் குழப்பமாம். திங்கக்கிழமை சரியாயிடுமாம்."

"பட்டனைப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லல."

இளம் நர்ஸ் மூன்றாம் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றாள். என்ன செய்வது என்று நாஜியாவைப் பார்த்தாள். கையால் நிரப்பச் சொன்னார். அவள் மூன்று குழாயையும் மிக மெதுவாக நிரப்பி மாட்டினாள்.

வேலை முடிந்துவிட்டது. போயிருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி இருந்தது. காரில் வரும்போதே இருந்தது. ரொட்டிக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்காமல் இருந்தேன்.

"இந்தத் திரை என்னைக்கு வச்சீங்க?" என்று மெஹ்ரெஸைக் கேட்டேன்.

"புதன்கிழமை. மத்தியானம்."

"அப்பவே ஆறாம் நம்பரச் சேத்துட்டியா?"

"ஆமா. ஒண்ணு மட்டும். பாத்துக்கலாம்னு."

"அதுல குழந்தை இருந்துச்சா?"

மெஹ்ரெஸ் நாஜியாவைப் பார்த்தான். நாஜியா சொன்னார்.

"இருந்துச்சு. பொம்பளப் பிள்ளை. தொள்ளாயிரத்துப் பத்து கிராம்."

"எப்ப போச்சு?"

"வியாழக்கிழமை விடியக்காலைல." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இருபத்தாறு வாரத்துல பொறந்தது தம்பி. அந்த வயசுல இப்படி ஆகும். டாக்டரும் அப்படித்தான் எழுதினாரு."

மையப் பெட்டி தன்னிடம் கேட்கப்பட்ட ஒவ்வொரு வேலையையும் எழுதிவைக்கும். அதைத் திறக்க நர்ஸுக்கு அனுமதி இல்லை. மெஹ்ரெஸுக்கு உண்டு. அவன் கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தான். மூன்றாம் முறை திறந்தது.

'எல்லாம் தயார்' என்பதற்கு இரண்டு பதிவு இருந்தது.

வெள்ளி, 12:41. பம்ப் 6. நிரப்பு. முடிந்தது.

புதன், 18:09. பம்ப் 6. நிரப்பு. முடிந்தது.

இளம் நர்ஸ் திரையைப் பார்க்க வந்தாள். பார்த்தாள். கையிலிருந்த மருந்துத் தட்டை மேசையில் வைத்தாள்.

"புதன்கிழமை சாயங்காலம் நான்தான்," என்றாள். "கையேட்டுல போட்டிருந்துச்சு, மாட்டியிருக்கறது தானா மறுத்துடும்னு. பழகிக்கலாம்னு அமுக்கினேன். சாப்பிட்டு வந்து பாத்தா சிரிஞ்ச் முடிஞ்சிருந்துச்சு. முடியுற நேரம்தான்னு நெனச்சு வேற மாத்திட்டேன்." நாஜியாவின் பக்கம் திரும்பினாள். "முடியுற நேரம்தானே மதாம்?"

"நீ உக்காரு," என்றார் நாஜியா.

"கையேட்டுல போட்டிருந்துச்சு."

"தெரியும்மா. உக்காரு."

நாஜியா அலமாரியிலிருந்து சம்பவப் பதிவேட்டை எடுத்தார். நீளமான நோட்டு. மதியம் நனைந்த மெத்தையைப் பற்றி எழுதத் திறந்திருப்பார் போல. தேதி மட்டும் இருந்தது. என் பக்கம் தள்ளினார். பேனாவையும் கொடுத்தார்.

"நான் எழுதலாமா?" என்றேன். "நான் பட்டியல்ல இல்ல."

"எழுதுங்க."

முதல் கட்டம்: குழந்தையின் பெயர். அவர் சொன்னார், பெயர் வைக்கவில்லை, ஏழு நாள் ஆகவில்லை, தாயின் பெயர் துர்ரா, துர்ராவின் மகள் என்று போடுங்கள். போட்டேன். இரண்டாம் கட்டம்: நாள், நேரம். புதன், ஆறு ஒன்பது. மூன்றாவது: என்ன நடந்தது. நான்கு வரியில் எழுதினேன். பம்ப், பட்டன், பச்சை விளக்கு, இல்லாத ஒரு வரி. நான்காவது: காரணம்.

"அந்தப் பொண்ணு பேரச் சொன்னாரு உங்க துஹாமி," என்றார் நாஜியா. "அப்பவே ஒரு தாள்ல குறிச்சு வச்சேன். எங்கயோ இருக்கும். வேணுமா?"

"வேணாம். அவ என் மனைவி."

பேனாவைப் பிடித்திருந்த என் கையை அவர் பார்த்தார். மோதிரம் இன்னும் இருந்தது. பிறகு தன் கண்ணாடியைத் துடைத்தார்.

நான்காவது கட்டத்தில் என் முழுப் பெயரை எழுதினேன். தகப்பனார் பெயரோடு. அடையாள அட்டை எண்ணோடு. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து விரித்து அந்தப் பக்கத்தோடு வைத்தேன். நாஜியா அதைப் படித்தார். நிரலைப் பற்றி அவருக்குத் தெரியாது. ஆனால் யார் கேட்டது, யார் மறுத்தது என்று தெரிய நிரல் தெரிய வேண்டியதில்லை. கடைசி வரியில் விரல் நின்றது.

"இது?"

"ரொட்டி. வீட்டு விஷயம்."

"இந்த வரிய மட்டும் கிழிச்சிரவா? அமைச்சகம் வரைக்கும் போகும் இது."

"வேணாம். இருக்கட்டும்."

அவர் ஸ்டேப்ளரை எடுத்தார். இரண்டு முறை அடித்தார்.

பாங்கு சொன்னார்கள். முதலில் பக்கத்துப் பள்ளிவாசல், பிறகு தூரத்தில் ஒன்று, பிறகு எல்லாமும். யாரும் எழுந்திருக்கவில்லை. மெஹ்ரெஸ் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இளம் நர்ஸ் ஆறாம் தொட்டிலுக்குப் பக்கத்தில், மெத்தை இல்லாத அதன் அடித்தட்டில் கைவைத்து நின்றாள். பதினொரு பம்புகள் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டிருந்தன.

வாசலில் மரப்பெட்டிக்குள் ஒரு செல்பேசி அதிர்ந்தது. மற்றச் செல்பேசிகளோடு உரசி, பெட்டி முழுவதும் அதிர்வதுபோலக் கேட்டது. நின்றது. மறுபடி தொடங்கியது.

"உங்களோடதா?" என்றார் நாஜியா.

"ஆமா."

"அவரா?"

"அவராத்தான் இருக்கும்."

அவர் பதிவேட்டை மூடி, அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். பிறகு நோன்பு திறக்க வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். வெளியே பெட்டி அதிர்ந்துகொண்டே இருந்தது.